பதிவேட்டிலிருந்து வெளியேறும் வயது: இந்தியப் பொதுச் சுகாதாரச் செலவின் மறைந்திருக்கும் கணக்கு

இந்திய அரசுகளின் வரவு செலவு ஏடுகளில் சுகாதாரத்துக்குரிய பெருந்தலைப்புகள் முதன்மையாக இரண்டு. 2210 என்ற எண்ணில் மருத்துவமும் பொதுச் சுகாதாரமும் வருகின்றன; 2211 என்ற எண்ணில் குடும்ப நலம் வருகிறது. முதல் தலைப்பின் உட்பிரிவுகள் நகர்ப்புற மருத்துவம், ஊரக மருத்துவம், மருத்துவக் கல்வி, பொதுச் சுகாதாரம் என்று பிரிந்து செல்கின்றன. அலோபதிக்கு ஒரு வரி, பிற மருத்துவ முறைகளுக்கு ஒரு வரி. எந்த ஊர், எந்த முறை, எந்த நிறுவனம் என்பதை ஏடு சொல்லும். சிகிச்சை பெற்றவர் கைக்குழந்தையா, நாற்பது வயதுத் தொழிலாளியா, எழுபது கடந்த மூதாட்டியா என்பதைச் சொல்லாது. விதிவிலக்கு குடும்ப நலம் என்ற தலைப்பு ஒன்றுதான். வயது என்ற சொல்லே இல்லாமல் ஒரு வயதுக் குழுவுக்கென நிதி ஒதுக்கும் தலைப்பு அது.

இந்த மௌனம் தற்செயலானதன்று. இந்தியாவில் பொதுச் சுகாதாரச் செலவு எந்த வயதினரைச் சென்றடைந்தது என்பது ஒருபோதும் நேரடியாக எடுக்கப்பட்ட முடிவாக இருந்ததில்லை. தொடக்கநிலைச் சிகிச்சைக்கு எவ்வளவு, மருத்துவமனைக்கு எவ்வளவு, மத்திய அரசு எதற்குப் பணம் தரும், மாநிலம் எதைச் சுமக்கும் என்ற முடிவுகளின் வழியாகவே அது தீர்மானமாயிற்று. ஆகவே வயதுவாரிச் செலவின் வரலாற்றைத் தேடுபவர் சிகிச்சைத் துறைகளின் வரலாற்றைத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

1. போர் குழுவின் கணக்கு

தொடக்கப்புள்ளி 1943. சர் ஜோசப் போர் தலைமையில் அவ்வாண்டு அமைக்கப்பட்ட சுகாதார ஆய்வு மற்றும் வளர்ச்சிக் குழு 1946-ல் தன் அறிக்கையை அளித்தது. அவ்வறிக்கையின் முதற் பகுதி, நாட்டின் உடல்நிலையை இறப்புக் கணக்கின் வழியே எடுத்துரைக்கிறது. பிறக்கும்போது எதிர்பார்க்கப்படும் ஆயுட்காலம் 27 ஆண்டுகளுக்கும் குறைவு. 1937-ல் பிரிட்டிஷ் இந்தியாவில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 162 பேர் ஓராண்டு நிறையுமுன் இறந்தனர். ஓராண்டில் நேர்ந்த மொத்த இறப்புகளில் ஏறத்தாழ பாதி, பத்து வயதுக்கு உட்பட்டவர்களுடையது. அந்தப் பாதியிலும் ஏறக்குறைய பாதி, முதல் ஆண்டிலேயே நேர்ந்தது. ஆண்டுதோறும் மகப்பேற்றில் மடிந்த பெண்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர் என்று குழு மதிப்பிட்டது.

இத்தகைய கணக்கைக் கண்ட எவரும் தாயையும் சேயையும் முன்னிறுத்தாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் போர் குழு வகுத்த தீர்வு குறிப்பிட்ட ஒரு வயதுக்கு மட்டும் உரியதன்று. அதன் நீண்டகாலத் திட்டத்தில், 10,000 முதல் 20,000 பேருக்கு 75 படுக்கைகள் கொண்ட ஓர் ஆரம்ப நிலையம். அதற்கு மேல் 650 படுக்கைகள் கொண்ட இரண்டாம் நிலை மருத்துவமனை. மாவட்டத் தலைநகரில் 2,500 படுக்கைகள் கொண்ட பெரிய மருத்துவமனை. நோய்த் தடுப்பும் நோய் தீர்த்தலும் ஒரே கூரையின் கீழ் இயங்க வேண்டும். பணம் இல்லை என்பதற்காக எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது. காய்ச்சலோடு வரும் குழந்தையும் மூச்சிரைப்போடு வரும் முதியவரும் ஒரே வாசலில் நுழையும் அமைப்பு அது.

செயலுக்கு வந்தது வேறு. 1952 அக்டோபர் 2-ல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் ஓர் அங்கமாக ஆரம்ப சுகாதார நிலையங்கள் அமைந்தன. ஒரு வட்டாரத்துக்கு ஒன்று. அந்த வட்டாரத்தில் அறுபதாயிரம் முதல் ஒரு லட்சம் மக்கள். நிலையத்தில் ஆறு படுக்கைகள். எழுபத்தைந்து ஆறாகச் சுருங்கியபோது, யாருக்கு இடம் உண்டு என்ற கேள்வி தவிர்க்க முடியாததாயிற்று. அதற்கான விடையை மருத்துவர்கள் எழுதவில்லை. திட்டக்குழுவின் நிதி ஒதுக்கீடு எழுதியது.

2. மத்திய நிதி வகுத்த வயது எல்லை

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணைப்படி பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. மக்கள்தொகைக் கட்டுப்பாடும் குடும்பக் கட்டுப்பாடும் 1976-ன் 42-ஆம் திருத்தத்தின் மூலம் பொதுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. சட்டத்துக்கு முன்பே நிதி அந்தத் திசையில் நகர்ந்துவிட்டது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டது 65 லட்சம் ரூபாய். நான்காம் திட்டத்தில் அது 300 கோடியைத் தாண்டிற்று. 1966-ல் இதற்கெனத் தனித் துறை உருவாயிற்று. இலக்குகள் தில்லியில் வகுக்கப்பட்டு, மாநிலம், மாவட்டம், வட்டாரம் என இறங்கி, துணை சுகாதார நிலையத்தின் செவிலியர் கையேடுவரை வந்து சேர்ந்தன.

மத்திய அரசு முழுச் செலவையும் ஏற்றதால் மாநிலங்களுக்கு இத்திட்டம் சுமையாகத் தெரியவில்லை. அதன் விளைவு ஊரக சுகாதார அமைப்பின் உடற்கூற்றையே மாற்றியது. 1973-ல் கர்த்தார் சிங் குழு, தனித்தனி நோய்த் திட்டங்களுக்கென இருந்த பணியாளர்களை இணைத்து, ஒவ்வொரு துணை நிலையத்திலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாகப் பல்நோக்குப் பணியாளர் இருவர் இருக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. பெண் பணியாளரான துணைச் செவிலியரின் ஊதியம் மத்திய அரசின் குடும்ப நல நிதியிலிருந்து வந்தது. மலேரியா, காசநோய் முதலியவற்றைக் கவனிக்க வேண்டிய ஆண் பணியாளரின் ஊதியம் மாநிலத்தின் தலையில் விழுந்தது. நிதி நெருக்கடி வந்தபோதெல்லாம் பல மாநிலங்களில் ஆண் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடந்தன. பெண் பணியிடங்கள் பெரும்பாலும் நிலைத்தன.

இதன் பொருளை வயதின் மொழியில் பெயர்த்துச் சொன்னால், ஊரில் அன்றாடம் நடமாடும் ஒரே அரசு சுகாதாரப் பணியாளர், கருவுற்ற பெண்ணையும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையையும் தேடிச் செல்பவராக ஆனார். அவர் கையில் இருந்த முதன்மையான ஆவணம் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு. திருமணமான, பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களின் பெயர்கள் அதில் இருக்கும். நாற்பதுகளின் இறுதியில் அந்தப் பெண்ணின் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்கும். அதன் பிறகு அவளுக்கு இரத்த அழுத்தமோ, கருப்பை வாய்ப் புற்றோ, நீரிழிவோ வரலாம். அவற்றைத் தேடி வீட்டு வாசலுக்கு வரும் பதிவேடு பல பத்தாண்டுகளுக்கு இருக்கவில்லை.

நெருக்கடி நிலைக் காலம் இந்த அமைப்பின் கொடிய முகத்தைக் காட்டியது. 1976-77-ல் ஏறத்தாழ 82 லட்சம் கருத்தடை அறுவைகள் நடந்தன. அவற்றுள் பெரும்பான்மை ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. தேர்தல் தோல்விக்குப் பின் குடும்பக் கட்டுப்பாடு என்ற பெயர் குடும்ப நலம் என மாறியது. ஆண்களை நெருங்க அரசுகள் அஞ்சின. சுமை பெண்களின் உடலுக்கு மாறிற்று. உழைக்கும் வயதிலுள்ள ஆண், தொடக்கநிலைச் சிகிச்சை அமைப்புக்கு ஏறத்தாழ அந்நியனானான்.

3. குழந்தையின் இடம்

எழுபதுகளின் நடுவிலிருந்து குழந்தைகளுக்கான அரசுச் செலவு தெளிவான வடிவம் பெற்றது. 1975 அக்டோபர் 2-ல் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார் ஆகியோரே அதன் பயனாளிகள். அங்கன்வாடியின் செலவு சுகாதார அமைச்சகத்தின் ஏட்டில் வருவதில்லை. வேறு அமைச்சகத்தின் கணக்கில் வருகிறது. எனவே குழந்தைகளின் உடல்நலனுக்காக நாடு செலவிடும் தொகையைச் சுகாதார ஏட்டை மட்டும் பார்த்து அளக்க முடியாது. வயதுவாரி ஒப்பீடு செய்யும் எந்த ஆய்வும் முதலில் இடறும் கல் இது.

1978-ல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டமும், 1985-ல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமும் வந்தன. 1992-ல் குழந்தை உயிர்காப்பு மற்றும் பாதுகாப்பான தாய்மைத் திட்டம்; 1995-ல் போலியோ சொட்டு மருந்து முகாம்கள்; 1997-ல் இனப்பெருக்க மற்றும் குழந்தை நலத் திட்டம். 2014 மார்ச் 27-ல் உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசிய மண்டலம் போலியோ அற்றது எனச் சான்றளிக்கப்பட்டபோது, அந்தச் சாதனையின் பெரும்பங்கு இந்தியாவின் முகாம்களுக்கு உரியதாயிற்று.

இந்தச் செலவின் பயனைக் குறைத்து மதிப்பிடுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. 1971-ல் ஆயிரத்துக்கு 129 ஆக இருந்த குழந்தை இறப்பு விகிதம் 2005-ல் 58 ஆகவும் 2020-ல் 28 ஆகவும் இறங்கியது. மருத்துவ நிலையங்களில் நிகழும் பிரசவங்களின் பங்கு, 2005-06-ன் தேசியக் குடும்ப நல ஆய்வில் 38.7 சதவீதம், 2019-21-ன் ஆய்வில் 88.6 சதவீதம். தாய் இறப்பு விகிதம் 2018-20-ல் லட்சத்துக்கு 97 ஆயிற்று. குறிப்பிட்ட ஒரு வயதுக்கு, குறிப்பிட்ட ஒரு துறையின் வழியாக, இடைவிடாமல் பணமும் பணியாளரும் சென்றால் என்ன நிகழும் என்பதற்கு இவை சான்று. அதே வழிமுறை பிற வயதுகளுக்கு ஏன் கிட்டவில்லை என்ற கேள்வியும் இந்த வெற்றியிலிருந்தே எழுகிறது.

4. மருத்துவமனை யாருக்கு?

இரண்டாம், மூன்றாம் நிலைச் சிகிச்சையின் கதை வேறு தடத்தில் சென்றது. பெரும்பாலும் மாநில நிதியில் இயங்கிய மாவட்ட மருத்துவமனைகளும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் நகரங்களில் இருந்தன. அவற்றின் செலவில் பெரும்பகுதி ஊதியம். அங்கு வயது எல்லை ஏதும் எழுதப்பட்டிருக்கவில்லை. எல்லோருக்கும் திறந்த கதவு. ஆனால் திறந்த கதவை அடைவதற்குப் பேருந்துக் கட்டணம், உடன்வர ஓர் ஆள், ஒரு நாள் கூலி இழப்பு ஆகிய மூன்றும் தேவை. இம்மூன்றையும் திரட்டக்கூடிய வயதும் வர்க்கமும் பாலினமும் எவையோ, அவற்றுக்கே மருத்துவமனைச் செலவின் பயன் மிகுதியாகச் சென்றது.

சில வயதினருக்குச் சட்டமே தனிக் கதவு திறந்தது. 1948-ன் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின்படியான திட்டம் 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கியது. அமைப்புசார் தொழிலில் இருப்போருக்கும் அவர்களின் குடும்பத்துக்கும் அது மருத்துவமனைகளைத் தந்தது. 1954-ல் தொடங்கிய மத்திய அரசு சுகாதாரத் திட்டம், பணியில் இருக்கும் அரசு ஊழியரோடு ஓய்வு பெற்றவரையும் சேர்த்துக்கொண்டது. ஆக, இந்தியாவில் முதியவருக்கான பொது நிதிச் சிகிச்சை என்பது நெடுங்காலம் ஓய்வூதியத்தின் நிழலில்தான் இருந்தது. வேலை எத்தகையது என்பது முதுமையில் கிடைக்கும் மருத்துவத்தைத் தீர்மானித்தது. வயலில் உழைத்தவருக்கும் வீட்டுக்குள் உழைத்தவளுக்கும் அந்த நிழல் எட்டவில்லை.

பொதுச் செலவின் பயன் யாரைச் சேர்கிறது என்பதை அளக்கும் ஆய்வுமுறையை இந்தியத் தரவுகளின் மீது விரிவாகப் பயன்படுத்தியவர்களுள் அஜய் மஹாலும் அவருடன் தேசியப் பயன்முறைப் பொருளியல் ஆய்வு மன்றத்தில் பணியாற்றியவர்களும் முக்கியமானவர்கள். 1995-96-ன் தேசிய மாதிரி ஆய்வை அடிப்படையாகக் கொண்ட அவர்களது கணக்கில், மிக ஏழையான ஐந்தில் ஒரு பங்கினரை ஒரு ரூபாய் சேர்ந்தபோது, மேல்தட்டிலுள்ள ஐந்தில் ஒரு பங்கினரை ஏறத்தாழ மூன்று ரூபாய் சேர்ந்தது. இந்த ஏற்றத்தாழ்வு உள்நோயாளிச் சிகிச்சையில் மிகுதி. தடுப்பூசியிலும் ஆரம்ப நிலையங்களிலும் குறைவு. துறை மாறும்போது பயனாளியும் மாறுகிறார் என்பதை எண்களில் நிறுவிய ஆய்வு அது.

தொண்ணூறுகளில் இரு போக்குகள் ஒன்றையொன்று குறுக்கிட்டன. மாநிலங்களின் நிதி சுருங்கியது. 2002-ன் தேசிய சுகாதாரக் கொள்கையே ஒப்புக்கொண்டபடி, பொதுச் சுகாதார முதலீடு 1990-ல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.3 சதவீதமாக இருந்து 1999-ல் 0.9 சதவீதமாக இறங்கிற்று. அதே காலத்தில் உலக வங்கிக் கடனுடன் ஆந்திரம், கர்நாடகம், பஞ்சாப், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்கள் இரண்டாம் நிலை மருத்துவமனைகளைச் சீரமைத்தன. பயனாளர் கட்டணமும் உடன் வந்தது. 2002-ன் கொள்கை, பொதுச் சுகாதார முதலீட்டில் 55 சதவீதம் தொடக்கநிலைக்கும், 35 சதவீதம் இரண்டாம் நிலைக்கும், 10 சதவீதம் மூன்றாம் நிலைக்கும் செல்ல வேண்டும் என்று வரையறுத்தது. 2017-ன் கொள்கை தொடக்கநிலையின் பங்கை மூன்றில் இரண்டாக உயர்த்தச் சொன்னது. இரு கொள்கைகளும் துறைவாரி விகிதத்தை வகுத்தன. எந்த வயதுக்கு எவ்வளவு என்ற விகிதத்தை வகுக்கவில்லை.

5. முதுமை நுழைந்த விதம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அறுபது வயதைக் கடந்தோர் 8.6 சதவீதம், அதாவது 10 கோடிக்கு மேல். கேரளத்தில் அது 12.6 சதவீதம். 2017-18-ன் தேசிய மாதிரி ஆய்வில், முந்தைய பதினைந்து நாட்களில் நோயுற்றதாகக் கூறியோர் மொத்த மக்களில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர். அறுபது கடந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 28 பேர். தேவை எங்கே குவிகிறது என்பதில் ஐயமில்லை.

அரசின் எதிர்வினை சிறு சிறு அடிகளாக வந்தது. 1999-ல் முதியோருக்கான தேசியக் கொள்கை. 2007-ன் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, அரசு மருத்துவமனைகளில் மூத்தோருக்குப் படுக்கைகளும் தனி வரிசையும் வேண்டும் என்றது. 2010-11-ல் தொடங்கிய முதியோர் நலனுக்கான தேசியத் திட்டம் முதற்கட்டத்தில் 100 மாவட்டங்களைத் தேர்ந்தது. மாவட்ட மருத்துவமனையில் பத்துப் படுக்கைகள் கொண்ட பிரிவு, எட்டு மண்டல நிறுவனங்களில் முப்பது படுக்கைகள், ஆரம்ப நிலையத்தில் வாரம் ஒரு நாள் முதியோர் மருத்துவம் என்பது அதன் அமைப்பு. குழந்தைக்கு ஆண்டு முழுவதும் திறந்திருந்த வாசல், முதியவருக்கு வாரத்தில் ஒரு நாள் திறந்தது.

இதே காலத்தில் செலவின் பாதை வேறொரு திசையிலும் திரும்பிற்று. 2007-ல் ஆந்திரத்தின் ராஜீவ் ஆரோக்கியஸ்ரீ, 2008-ல் மத்திய அரசின் ராஷ்ட்ரிய ஸ்வாஸ்திய பீமா திட்டம், 2009-ல் தமிழ்நாட்டின் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் எனப் பொது நிதிக் காப்பீடுகள் அணிவகுத்தன. ராஷ்ட்ரிய ஸ்வாஸ்திய பீமா திட்டம் குடும்பத்தில் ஐந்து பேருக்கு மட்டும், ஆண்டுக்கு 30,000 ரூபாய்வரை அளித்தது. ஐந்து என்ற எண் தீங்கற்றதாகத் தோன்றும். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் என்று எண்ணி முடித்தால், பாட்டிக்கு அட்டையில் இடமில்லை.

2018 செப்டம்பர் 23-ல் ராஞ்சியில் தொடங்கப்பட்ட பிரதமரின் ஜன் ஆரோக்கிய திட்டம் குடும்ப அளவுக்கும் வயதுக்கும் வரம்பை நீக்கி, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை உறுதி செய்தது. 2024 அக்டோபர் 29 முதல், எழுபது வயதைக் கடந்த அனைவரும் வருமான வேறுபாடின்றி அதில் சேர்க்கப்பட்டனர். பயன்பெறுவோர் ஏறத்தாழ 6 கோடிப் பேர் என்று அரசு மதிப்பிட்டது. வேலையையோ வறுமைக் கோட்டையோ பாராமல், வயதை மட்டுமே தகுதியாகக் கொண்டு மருத்துவமனைச் சிகிச்சைக்கான உரிமையை நாடு தழுவி வழங்கிய இம்முடிவு இந்தியச் சுகாதார வரலாற்றில் ஒரு திருப்பம்.

ஆயினும் அந்த உரிமை உள்நோயாளிச் சிகிச்சைக்கு உரியது. முதுமையின் நோய்களோ பெரும்பாலும் புறநோயாளிப் பிரிவில் வாழ்பவை. மாதந்தோறும் வாங்க வேண்டிய இரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரைப் பரிசோதனை, மூட்டு வலிக்கான இயன்முறைப் பயிற்சி, பார்வைக்கண்ணாடி ஆகியவற்றுக்குக் காப்பீட்டு அட்டை உதவாது. ஐம்பது வயதில் கவனிக்கப்படாத இரத்த அழுத்தம் எழுபத்திரண்டு வயதில் பக்கவாதமாக வரும்போது அரசு பல்லாயிரம் ரூபாய் செலுத்த முன்வருகிறது. இடைப்பட்ட இருபதாண்டு மாத்திரைச் செலவை வீடு சுமந்திருக்கும். அல்லது யாரும் சுமக்காமல் விட்டிருப்பார்கள்.

6. துறையின் முடிவே வயதின் முடிவு

தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி, மொத்தச் சுகாதாரச் செலவில் அரசின் பங்கு 2013-14-ல் 28.6 சதவீதம், 2018-19-ல் 40.6 சதவீதம், 2021-22-ல் 48 சதவீதம். மக்கள் சொந்தக் கையிலிருந்து செலுத்துவது இதே காலத்தில் 64.2 சதவீதத்திலிருந்து 39.4 சதவீதமாகக் குறைந்தது. அரசின் நடப்புச் சுகாதாரச் செலவில் தொடக்கநிலைச் சிகிச்சையின் பங்கு 2013-14-ல் 51.1 சதவீதமாக இருந்து 2018-19-ல் 55.2 சதவீதமாயிற்று. 2002-ன் கொள்கை சொன்ன 55 சதவீதம், சற்றொப்ப பதினாறு ஆண்டுகளுக்குப் பின் எட்டப்பட்டதாக இதை வாசிக்கலாம்.

ஆனால் அந்த 55 சதவீதத்தின் உள்ளடக்கம் என்ன என்பதே வயதின் கேள்வி. தொடக்கநிலைச் செலவு என்ற ஒரே சொல்லுக்குள் தடுப்பூசியும் அடங்கும். பேறுகாலக் கவனிப்பும் அடங்கும். நீரிழிவு மருந்தும் அடங்கும். முன்னிரண்டின் பயனாளி யார் என்பது ஐயத்துக்கு இடமற்றது. மூன்றாவதன் பங்கு வளர்ந்தால் மட்டுமே தொடக்கநிலைச் சிகிச்சை முழு ஆயுளுக்குரியதாகும். 2018-ல் அறிவிக்கப்பட்ட ஒன்றரை லட்சம் நலவாழ்வு மையங்களின் சேவைப் பட்டியலில் தொற்றா நோய்கள், முதியோர் கவனிப்பு, நோய்த்தணிப்புப் பராமரிப்பு ஆகியவை சேர்க்கப்பட்டன. முப்பது வயதைக் கடந்த அனைவரையும் வீடுதோறும் கணக்கெடுத்துப் பரிசோதிக்கும் பணி ஆஷா பணியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டிலிருந்து நீங்கிய பெண் மீண்டும் ஒரு பதிவேட்டில் நுழைவதற்கான வழி ஏட்டளவிலாவது அப்போதுதான் திறந்தது.

இவ்வழி நடைமுறையில் சாத்தியம் என்பதற்குக் கேரளம் முன்னோடி. 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண, நோய்த்தணிப்பு இயக்கம், 2008-ல் அம்மாநில அரசின் கொள்கையாயிற்று. உள்ளாட்சி அமைப்புகளின் நிதியில் செவிலியர் ஒருவர் படுக்கையில் கிடப்போரின் வீட்டுக்குச் செல்லும் ஏற்பாடு ஊராட்சிகள்தோறும் பரவிற்று. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், இரத்த அழுத்த, நீரிழிவு மருந்துகளையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டு சென்றது. இரண்டிலும் மருத்துவமனைக் கட்டடம் முதன்மையானதன்று. தாய்சேய் நலத்துக்காக உருவான அதே வீடுதேடும் முறையே முதுமைக்காகத் திருப்பப்பட்டிருக்கிறது.

7. அளவீட்டின் அரசியல்

வயதுவாரிச் செலவைக் கணக்கிடும் முறை எளிது போலத் தோன்றும். மாதிரி ஆய்விலிருந்து எந்த வயதினர் எத்தனை முறை அரசு நிலையங்களை நாடினர் என்பதை எடுத்து, ஒரு முறைக்கு அரசுக்கு ஆகும் சராசரிச் செலவால் பெருக்க வேண்டும். இதில் மூன்று சிக்கல்கள் உண்டு. முதலாவது, எல்லா வயதினருக்கும் ஒரே சராசரியைப் பயன்படுத்தினால், நீண்ட நாள் படுக்கையில் கிடக்கும் முதியவரின் செலவும் மூன்று நாளில் வீடு திரும்பும் இளைஞரின் செலவும் ஒன்றாகிவிடும். இரண்டாவது, அங்கன்வாடி போன்ற பிற துறைச் செலவுகளைச் சேர்ப்பதும் விடுவதும் குழந்தைகளின் பங்கைப் பெரிதும் மாற்றும்.

மூன்றாவது சிக்கல் அறம் சார்ந்தது. மருத்துவமனைக்கு வராதவருக்கான செலவு பூஜ்யம் என்றே கணக்கு காட்டும். துணையின்றி வீட்டில் கிடக்கும் விதவை மூதாட்டியின் பூஜ்யமும், நோயற்ற இருபது வயது இளைஞனின் பூஜ்யமும் அட்டவணையில் ஒரே எண். 2017-18 ஆய்வில் ஒரு முறை உள்நோயாளியாகச் சேர்வதற்குக் குடும்பம் செலவிட்ட சராசரித் தொகை அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய். தனியார் மருத்துவமனையில் 31,845 ரூபாய். அரசு மருத்துவமனையின் சிறிய தொகையும் எட்டாதவர் அந்தச் சராசரிக்குள்ளேயே வருவதில்லை. பயன்பாட்டைத் தேவையின் அளவுகோலாகக் கொள்ளும் எந்தக் கணக்கும், ஏற்கெனவே விடுபட்டவரை இரண்டாம் முறையும் விட்டுவிடுகிறது.

பன்னாட்டுச் சுகாதாரக் கணக்கு முறை, செலவைப் பயனாளியின் வயது, பாலினம், நோய் வாரியாகப் பிரிப்பதற்கும் இடமளிக்கிறது. இந்தியாவின் தேசிய சுகாதாரக் கணக்கு அறிக்கைகள் அம்முறையின் அடிப்படையிலேயே தயாராகின்றன. ஆனால் அவற்றின் முதன்மை அட்டவணைகள் நிதி ஆதாரம், நிதித் திட்டம், சேவை அளிப்பவர், சேவையின் தன்மை ஆகியவற்றைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. மருத்துவமனைகள் நோயாளியின் வயதைச் சீட்டில் எழுதாமல் இல்லை. காப்பீட்டுத் திட்டங்கள் ஒவ்வொரு கோரிக்கையிலும் வயதைப் பதிகின்றன. அவற்றை ஏட்டின் தொகையோடு இணைத்து ஆண்டுதோறும் ஓர் அட்டவணையாக வெளியிடுவது நிர்வாக முடிவு ஒன்றைத்தான் வேண்டி நிற்கிறது.

அத்தகைய அட்டவணை வந்தால், குழந்தைகளிடமிருந்து எடுத்து முதியோருக்குக் கொடு என்ற பொய்யான போட்டி எழும் என்று அஞ்சுவோர் உண்டு. வரலாறு அந்த அச்சத்துக்கு இடம் தரவில்லை. அரசின் மொத்தச் சுகாதாரச் செலவு நெடுங்காலம் உள்நாட்டு உற்பத்தியில் ஒரு சதவீதத்தை ஒட்டியே நின்றதால்தான், ஒரு வயதுக்குக் கிடைத்தது இன்னொரு வயதின் இழப்பாகத் தோன்றியது. 2017-ன் கொள்கை 2025-க்குள் 2.5 சதவீதம் என்று வாக்களித்தது. பெருந்தொற்றுக் காலச் செலவையும் சேர்த்து 2021-22-ல் எட்டியது 1.84 சதவீதம். அட்டவணை காட்டக்கூடியது போட்டியை அன்று. எந்த வயதில், எந்தத் துறையில் அரசு இல்லாமல் இருக்கிறது என்பதையே. தாய்சேய் நலத்தின் பதிவேடு ஒரு பெண்ணைப் பதினைந்து வயதிலிருந்து நாற்பத்தொன்பது வயதுவரை பின்தொடர்கிறது. புதிய காப்பீட்டு அட்டை அவளை எழுபதில் வரவேற்கிறது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளுக்கான செலவு எந்தத் தலைப்பில், எவ்வளவு எழுதப்படுகிறது என்பதை 2210-ஆம் எண்ணின் கீழ் எவரும் படித்தறியக் கூடிய நாளில்தான், தொடக்கநிலைக்கு மூன்றில் இரண்டு பங்கு என்ற வாக்குறுதி யாருக்கு அளிக்கப்பட்டது என்பதும் தெளியும்.